கடைசி நாள் மேடம்

"இன்றே கடைசி நாள்" என்று போனில் மெசேஜ் வந்து, நீங்களும் பதறிப்போய் அதைத் திறந்திருந்தால், எழுதியவள் இவளாகத்தான் இருக்கும். மெத்தையோ செருப்போ காப்பீடோ, எந்தக் கம்பெனி வந்தாலும் இரண்டு வரியில் ஆளை அசைத்துவிடுவாள். விளம்பர ஆபீசில் அவளுக்குப் பட்டப்பெயரே "கடைசி நாள் மேடம்". அந்தக் கடைசி நாள் அடுத்த வாரமும் வரும், அதற்கடுத்த வாரமும் வரும். வெட்கப்பட்டால் அந்தத் தொழிலில் காலம் தள்ள முடியாது.

எழுதியதை ஊருக்கு அனுப்பும் முன் தம்பிக்கு அனுப்பிப் பார்ப்பது அவள் வழக்கம். அவன் வேறொரு நகரத்தில் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். சோதனை என்று முன்கூட்டியே சொல்ல மாட்டாள். சொல்லிவிட்டால் அப்புறம் என்ன சோதனை? காப்பீட்டுக் கம்பெனிக்காக ஒருமுறை "உங்கள் அக்காவுக்கு விபத்து" என்று அனுப்பினாள். பாவம், அடித்துப் பிடித்துக்கொண்டு அந்த ஊர் பஸ் ஸ்டாண்டு வரை ஓடிவிட்டான். அன்றைக்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். ஆனாலும் வரி பலித்த சந்தோஷத்தில் திட்டு உறைக்கவில்லை. முதலில் மிஸ்டு கால், பின்னாலேயே மெசேஜ் என்பதும் அவள் கண்டுபிடித்த வித்தைதான். தம்பி உஷாராகிவிட்டான். டீ இடைவேளையில் படித்துவிட்டு, வாத்தியார் மாதிரி மார்க் போட்டு அனுப்புவான்.

ஒரு நாள் காலையில் அப்பாவுக்கு மூச்சுத் திணறியது. ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளை வராந்தாவுக்கு அழைத்து, "வர வேண்டியவங்களை வரச் சொல்லிடுங்கம்மா" என்றார்.

தம்பிக்கு அடித்தாள். எடுக்கவில்லை, வேலை நேரத்தில் போனை வாங்கிப் பூட்டிவிடுவார்கள். தொழிற்சாலைக்கு அடித்தால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஒரு குரல் பாடிக்கொண்டே இருந்தது. மெசேஜ் அனுப்பினாள்: "அப்பாவுக்கு ரொம்ப முடியலடா. உடனே கிளம்பி வா."

டீ நேரத்தில் பதில் வந்தது. "மிஸ்டு கால் எல்லாம் சூப்பர்க்கா. ஆனா 'உடனே' பழசாயிடுச்சு. அஞ்சு மார்க்."

மறுபடி அடித்தாள். போன் அதற்குள் பூட்டுக்குள் போய்விட்டது. "இது விளம்பரம் இல்லடா" என்று தட்டினாள். போன மாதம் மெத்தையை விற்றுக் கொடுத்ததே அந்த வரிதான். அழித்தாள். "சத்தியமா" என்று தட்டினாள். அதையும் விற்றாகிவிட்டது. பிழைப்பு நடத்திய சொற்களில் ஒன்றுகூட அவளுக்கு உதவவில்லை. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

உள்ளே போனதும் அப்பா கேட்டார்: "தம்பி வர்றானாம்மா?"

"வந்துக்கிட்டே இருக்கான்பா."

அப்பா அதை அப்படியே நம்பினார். சாயங்காலம் வரைக்கும் கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகும் கண்கள் அந்தப் பக்கமே இருந்தன; நர்ஸ்தான் வந்து மூடினாள்.

ராத்திரி போன் கைக்கு வந்த பிறகுதான் சேதி தெரிந்து, மறுநாள் காலையில் தம்பி வந்து சேர்ந்தான். பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. அவள் திட்டுவாள் என்று நின்றான். அவள் எந்த வாயால் திட்டுவாள்?

"அக்கா, அப்பா என்னைக் கேட்டாரா?"

"இல்லடா. நினைவே இல்ல அவருக்கு. தூங்கின மாதிரியே போயிட்டாரு."

வாழ்க்கையில் எந்த வரியும் பலிக்கட்டும் என்று அவள் அப்படி வேண்டிக்கொண்டதில்லை. தம்பி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் நம்பவில்லை.