ஏழு நாள் கெடு

"ஒரு வாரம் செத்துக் கிட. அடுத்த சனிக்கிழமை எழுப்புறேன்."

என் தம்பியிடம் நான் கடைசியாக நேரில் சொன்னது இதுதான். நம்புகிறவர்கள் நம்பட்டும். பார்த்ததற்கு மேல் ஒரு சொல்லும் நான் சேர்க்கப்போவதில்லை. பார்க்காததை யார் சொல்லக் கேட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமைதோறும் மாலை ஐந்தரைக்கு ஒரு மருந்துக்கடையின் மாடி அறையில் நாங்கள் நாலு பேர் கூடி விளையாடுவோம். ஆளுக்கொரு கதாபாத்திரம், விரல் உயரத்தில் ஒரு பொம்மை, கைநிறையப் பகடைகள். மேஜைமேல் ஒரு கரும்பலகையைக் கிடத்தி, கோட்டை, காடு, கிணறு என்று சாக்பீஸால் வரைந்துகொள்வோம். அவரவர் முறை வரும்போது பகடையை உருட்டிப் பொம்மையை நகர்த்த வேண்டும். கதையை நடத்துபவர் மருந்துக்கடைக்காரர். நடத்துவதால் 'கண்டக்டர்' என்ற பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. கணக்கு வாத்தியாரான நெட்டை, கதையில் திருடன். நான் விளக்குத் தெய்வத்தின் பூசாரி. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் என் தம்பி, சாமி கும்பிடாத வாள்வீரன். எந்தத் தெய்வம் என்று கண்டக்டர் கேட்டபோது, "எனக்கு சாமி கீமி கிடையாது. அக்கா இருக்கா, போதும்" என்று எழுதிக்கொள்ளச் சொன்னான்.

அன்று நான் தலைதலையாய் அடித்துக்கொண்டும் கேட்காமல் தனியாக ஓடிப்போய்க் கிணற்றடியில் செத்தான். மணி 7.50. வழக்கப்படி கண்டக்டர் அவன் பொம்மையைப் படுக்க வைத்தார்.

செத்தவரை எழுப்பும் வரம் பூசாரிக்கு உண்டு. ஆனால் உடலைப் பூசாரி கையால் தொட வேண்டும். செத்தவனுக்கும் திரும்பி வர மனம் இருக்க வேண்டும். யாரும் வற்புறுத்தக் கூடாது, அவனே சீட்டில் எழுதித் தகர டப்பாவில் போட வேண்டும். எல்லாம் ஏழு நாளுக்குள். வெளியே ஒரு நாள் போனால் கதையிலும் ஒரு நாள் போகும். அது கண்டக்டரின் பிடிவாதம்.

என் பொம்மை பலகையின் மறுகோடியில், கோயில் வாசலில் நின்றது. இரண்டு முறை நகர்த்தினால் போய்த் தொட்டிருக்கலாம். சொன்ன பேச்சுக் கேட்காதவன் கொஞ்சம் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். "அக்காவா இது, அரக்கி" என்று நெட்டை தலையில் கை வைத்தார். தம்பி நாற்காலியைப் பின்னங்கால்களில் சாய்த்து, கிர்ர் கிர்ர் என்று ஆடிக்கொண்டே சிரித்தான்.

"ஏழு நாள்தான்க்கா கெடு. மறந்துடாதே."

சீட்டை வந்து எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். டப்பா காலியாகவே இருந்தது. பலகையைத் துணியால் மூடி, நாலு மூலையிலும் மருந்துப் பெட்டிகளை வைத்தோம். கண்டக்டர் அறையைப் பூட்டினார்.

புதன்கிழமை காலை 9.20-க்குக் கண்ணாடிக் கடையின் ஷட்டரைத் தூக்கிய தம்பி அப்படியே உட்கார்ந்துவிட்டான். மாரடைப்பு என்றார்கள். வயது இருபத்தாறு.

அந்தச் சனிக்கிழமை யாரும் மாடிக்குப் போகவில்லை. நான் அவன் சட்டைகளை மடிப்பதும் கலைப்பதுமாக இருந்தேன்.

அதற்கடுத்த சனிக்கிழமை கண்டக்டர் கூப்பிட்டார். பலகையை அழிக்கக் கை வரவில்லை, ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போ என்றார். நெட்டையும் வந்திருந்தார். மூவரும் மாடியேறியபோது மணி ஏழேகால். பூட்டு பூட்டியபடி இருந்தது. அதற்கு ஒரே சாவி, அது கண்டக்டரின் இடுப்பில். மருந்துப் பெட்டிகள் வைத்த இடத்தில் இருந்தன. துணியை விலக்கினோம்.

"யாருய்யா இதைத் தொட்டது?" என்றார் நெட்டை.

தம்பியின் பொம்மை கிணற்றடியில் இல்லை.

கோயில் வாசலில் கிடந்தது. என் பொம்மையின் காலடியில், ஒரு விரல் இடைவெளியில், படுத்தபடி. கிணற்றிலிருந்து கோயில்வரை மதில், காடு, பாதை என்று எல்லாச் சாக்பீஸ் கோடுகளையும் அழித்துக்கொண்டு ஒரு மெல்லிய தடம். படுத்தபடியே தன்னை இழுத்துக்கொண்டு வந்தவனின் தடம்.

நெட்டை பூட்டையும் பெட்டிகளையும் திரும்பத் திரும்பப் பார்த்ததில் அரைமணி போயிற்று. பிறகு கண்டக்டர் என் பக்கம் திரும்பினார்.

"கெடு தாண்டிடுச்சு. ஆனா சட்டம் போட்டவன் நான்தானே. எழுப்புறியாம்மா?"

பத்து நாளாகத் தெரிந்த சாமி, தெரியாத சாமி எல்லாரையும் கேட்டுவிட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. இந்தச் சாக்பீஸ் கோயிலாவது திறக்கட்டும் என்று தலையாட்டினேன்.

இருபது முகப் பகடை. பத்துக்கு மேல் விழ வேண்டும்.

பதினேழு.

பழக்கதோஷத்தில் கண்டக்டர் தகர டப்பாவைத் திறந்தார். திறந்ததை அப்படியே என்னிடம் நீட்டினார்...

உள்ளே ஒரு சீட்டு.

'வர்றேன்க்கா.'

தம்பியின் சாய்ந்த கையெழுத்து. கடையில் ஆர்டர் எழுதி எழுதி, எதை எழுதினாலும் கீழே தேதியும் நேரமும் போடுவான். இதிலும் போட்டிருந்தான்.

போன சனிக்கிழமை. மாலை 5.30.

அவன் செத்து மூன்றாம் நாள்.

சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். 7.50.

கிர்ர்...

அவன் நாற்காலி. காலியாக. பின்னங்கால்களில் சாய்ந்து நின்றது.

"தொடும்மா..." என்றார் கண்டக்டர்.

பொம்மையைத் தொட்டு நிமிர்த்த வேண்டும். எழுந்து வா என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். கையை நீட்டினேன்.

கிர்ர்... கிர்ர்...

என் தம்பி. என் இடுப்பில் வளர்ந்தவன்.

அவனுக்கே நான் பயந்தேன்.

கையை இழுத்துக்கொண்டேன்.

நாற்காலியின் முன்னங்கால்கள் மெதுவாக... மிக மெதுவாகத் தரையில் இறங்கின.

டக்.

அப்புறம் ஒன்றுமில்லை.

கீழே இறங்கியபோது பக்கத்துக் கடைத் தையல்காரம்மா ஷட்டரை இழுத்துக்கொண்டிருந்தார். தம்பியின் சாவு அவருக்குத் தெரியாது. இன்றைக்கு விளையாட இவ்வளவு நேரங்கழித்து வந்தீர்களே என்றார். போன சனிக்கிழமை ஐந்தரையிலிருந்தே மாடியில் பகடை உருளும் சத்தம் கேட்டதாம். ஆனால் ஒரே ஒரு குரல்தான் கேட்டதாம்.

என்ன சொன்னது என்று கேட்டேன்.

"'அக்கா, உன் முறை'ன்னு. திரும்பத் திரும்ப அதையேதான். எட்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்பறப்போ மணியைப் பார்த்தேன், எட்டாகப் பத்து நிமிஷம். அத்தோட நின்னுடுச்சு."

நாலு வருஷமாகிறது. கண்டக்டர் அந்தப் பலகையை அழிக்கவில்லை. சனிக்கிழமை ஐந்தரைக்கு நான் போய்த் துணியை விலக்கிப் பார்ப்பேன்.

பொம்மை படுத்தே கிடக்கிறது. அதே ஒரு விரல் இடைவெளி.