அட்டையில் இரண்டு சிவப்புக் கோடுகள்

தொண்ணூறுகளின் நடுவில் ஓசூர் சிப்காட்டில் சுவிட்ச் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தேன். ஒருநாள் காலை, லைனில் உட்கார்ந்திருக்கும்போதே அடிவயிற்றில் வலப்பக்கம் சுருக்கென்று வலித்தது. வாயுவாக இருக்கும் என்று வெந்நீர் குடித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். மதியத்துக்குள் வலி தோள்பட்டைக்கு ஏறியது. எழுந்து நின்றதும் கண் இருட்டிக் கீழே விழுந்தேன்.

பக்கத்துக் கம்பெனியில் ஃபிட்டராக இருந்த என் கணவருக்குச் சொல்லியனுப்பினார்கள். அவர் ஆட்டோ பிடித்து, தளி ரோட்டிலிருந்த சின்ன நர்சிங் ஹோமுக்கு என்னைக் கொண்டுபோனார். அங்கிருந்த டாக்டரம்மா கன்னடக்காரர். தமிழை யோசித்து யோசித்துப் பேசுவார்.

"நாள் தள்ளிப் போயிருக்காம்மா?"

"இல்லீங்க டாக்டர். போன வாரந்தான் தீட்டு வந்துச்சு."

"எப்பவும் போலவா?"

"இல்லீங்க. லேசாத்தான் பட்டுச்சு."

அவர் வேறெதுவும் கேட்காமல் சிறுநீர் பிடித்து வரச் சொன்னார். நர்ஸ் ஒருத்தி கைத்தாங்கலாகக் கூட்டிப்போனாள். திரும்பி வந்ததும், விரல் நீளமிருந்த ஒரு பிளாஸ்டிக் அட்டையில் டாக்டரம்மா சில சொட்டு விட்டார். அப்படியொன்றை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. ஈரம் உள்ளிருந்த வெள்ளைத் தாளில் மெல்ல ஊறி ஏறியது. ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது. "ஒண்ணு மட்டும் வந்தா இல்லைன்னு அர்த்தம்" என்றாள் நர்ஸ். அவள் சொல்லி முடித்த கொஞ்ச நேரத்தில், பக்கத்தில் இன்னொரு கோடு மங்கலாகக் கிளம்பியது.

கல்யாணமானதிலிருந்து நாங்கள் காத்திருந்த விஷயம் அது. என் கணவர் சிரித்துவிட்டார். வலியோடு நானும் சிரித்தேன். ஒரு பெயர்கூட மனதுக்குள் வந்து போனது. டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"கர்ப்பம்தான். ஆனா எங்க தங்கியிருக்குன்னு பாக்கணும்."

ஸ்கேன் அறையில் கரண்ட் இல்லை. யாரோ ஜெனரேட்டரின் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார்கள். அது உறுமி உறுமி அடங்கியது. எனக்குக் கைகால் சில்லிட்டது, நாக்கு வறண்டது. ஒரு வழியாகத் திரையில் வெளிச்சம் வந்தது. டாக்டரம்மா வயிற்றின் மேல் கருவியை அழுத்தி அழுத்தித் தேடினார்.

"கர்ப்பப்பையில ஒண்ணும் இல்ல. வயித்துக்குள்ள ரத்தம் நிக்குது. கர்ப்பப்பைக்குப் போற டியூப்லயே கரு தங்கி, டியூப் வெடிச்சிருக்கு. உடனே ஆபரேஷன் பண்ணணும்."

"பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போயிரட்டுங்களா?" என்றார் கணவர்.

"அத்திப்பள்ளி தாண்டறதுக்குள்ள என்ன வேணா ஆகலாம். ரத்தம் குடுக்க ஆள் கொண்டு வாங்க."

"குழந்தை என்னங்க ஆகும்?"

"அது இனி நிக்காது. இவங்களைக் காப்பாத்தணும்."

கணவர் என் முகத்தைப் பார்க்காமலே வெளியே ஓடினார். மயக்க ஊசி போடும் டாக்டர் வரும்வரை நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அழுகை வரவில்லை. கண்ணை மூடினால் திறக்க மாட்டேனோ என்ற பயத்தில் மேலே சுற்றாமல் நின்ற ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கதவுக்கு வெளியே கம்பெனி ஆட்களின் பூட்ஸ் சத்தம் கேட்டது. ரத்தம் கொடுக்க வந்திருந்தார்கள்.

பிழைத்துக்கொண்டேன். தையல் பிரிக்கும் நாளில், அந்தக் கோடு என்ன சாயம் என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"சாயம் இல்லம்மா, தங்கம். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடி. அவ்வளவு சின்னதானா தங்கம் செவப்பாத்தான் தெரியும். கர்ப்பத்துல சுரக்கிற ஹார்மோன் இருந்தா, அதைப் பிடிச்சிக்கிட்டு அந்த எடத்துல வந்து நிக்கும். அது காட்டலைன்னா நானும் வாயுன்னு மாத்திரை குடுத்து அனுப்பியிருப்பேனோ என்னவோ." பிறகு, "இன்னொரு டியூப் நல்லா இருக்கு, பயப்படாதே" என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் என் கணவர் அழுதார். குழாயடியில் என் புடவையை அலசிக்கொண்டிருந்தவர், அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், கூப்பிடவில்லை. புடவையைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு உள்ளே வந்தார்.

"ரசம் வெக்கட்டுமா?" என்றார்.

"வையுங்க" என்றேன்.