ஒத்தக்கடை மண்ணில் நிற்கும் இருநூறு சிப்பாய்கள்

இத்தனை காலம் பேசாமல் இருந்தது போதும். காதர் அண்ணன் காலமான செய்தி செவ்வாய்க்கிழமை காலை, நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் வந்தது. மாலைக்குள் எங்கள் குழுவின் இணையப் பக்கம் இரங்கலால் நிரம்பிவிட்டது. "இருநூறு சிப்பாய்களும் அவர் ஒருவரின் கைவண்ணம்" என்று ஆளாளுக்கு எழுதியிருந்தார்கள். அதில் பாதியைத் தீட்டியவன் நான். ஒருவருக்கும் நினைவில்லை.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காதர் முகைதீன் அவர்கள் காஜிமார் தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தியவர். கட்டைவிரல் கணு உயரமே உள்ள ஈயச் சிப்பாய்களுக்கு வண்ணம் தீட்டி, மேசைமீது அணிவகுத்து, பகடை உருட்டிப் பழைய போர்களை ஆடிப்பார்க்கும் எங்கள் சிறு குழுவில் மூத்தவர். பாளையக்காரர்கள்மீது படையெடுத்து வந்த கம்பெனிச் சிப்பாய்களை அவரும் நானும் ஆளுக்கு நூறாகப் பிரித்துக்கொண்டோம். ஞாயிறுதோறும் நாகமலை புதுக்கோட்டையிலிருந்து பஸ் ஏறிப் போவேன். கடை விளக்கின் கீழ் உட்கார்ந்து, சிவப்புச் சட்டையின்மேல் வெள்ளைக் குறுக்குவார் இழுப்போம். கடைக்கு யாராவது வந்தால், அண்ணன் தலை நிமிராமல் சொல்வார்:

"செத்த இருங்க, ஒருத்தனுக்குச் சட்டை மாட்டிக்கிட்டிருக்கேன்."

தீட்டினால் மட்டும் போதாது. நான்கு நான்கு பேராக அட்டையில் ஒட்டி, காலடியில் தரை அமைக்க வேண்டும். நான் வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துப் பச்சைப் புல்தூள் தூவினேன். அவர் ஒத்தக்கடைப் பக்கத்துக் கண்மாய் மண்ணை அள்ளிவந்து, டீ வடிகட்டியில் சலித்துத் தூவினார்.

"இது எந்த ஊருப் புல்லு மாப்ள? சித்திரை வெயில்ல வாரான், காலுக்குக் கீழ கிரிக்கெட் மைதானம்."

"பாக்க அழகா இருக்குண்ணே."

"அம்புட்டு அழகுன்னா ஊட்டில போயிச் சண்டை போடச் சொல்லு."

சிரித்தேன், மாற்றவில்லை. ஒரு கண்காட்சிக்கு முந்தைய வாரம் போனபோது, என் நூறு பேரின் காலடியையும் சுரண்டிவிட்டு மண் தூவி வைத்திருந்தார்.

"யாரக் கேட்டுச் செஞ்சீங்க?"

"ஒரே படை மாப்ள. ஒரே மண்ணுலதான நிக்கணும்?"

எழுந்து வந்துவிட்டேன். ஆறு ஆண்டுகள். இரண்டு முறை அழைத்தார், நான் எடுக்கவில்லை. கேட்காமல் செய்தது தவறு என்றுதான் இன்றும் சொல்வேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் வீட்டுக்குப் போனேன். அவர் மகள் அலமாரியைத் திறந்துவிட்டார்.

"யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னாங்க அத்தா. 'பாதி மாப்ளயோடது, வந்தா எடுத்துக்கிரட்டும்'னாங்க. உங்களோடத எடுத்துக்கங்க மாமா."

அதற்காகவே போயிருந்தேன். என் சிப்பாய்களைப் படமெடுத்துப் போட்டு எல்லோர் வாயையும் அடைக்கலாம் என்ற எண்ணம். ஒரு வரிசையை எடுத்தேன், வைத்தேன். நான் இழுத்த குறுக்குவார்க் கோடு சற்றுத் தடிமனாக இருக்கும் என்று நம்பியிருந்தேன். தடித்த கோடு எல்லா வரிசையிலும் இருந்தது. மெல்லியதும் இருந்தது. காலடியில் ஒரே மண்.

"எது மாமா உங்களோடது?"

"தெரியலம்மா."

வெறுங்கையோடு வந்தேன். பாதி என்னுடையது; எந்தப் பாதி என்று காட்ட என்னால் முடியவில்லை. அண்ணே, அழைத்தபோது நான் எடுத்திருக்க வேண்டும். அமைதியாக உறங்குங்கள். படையைப் பிரிக்காமல் விட்டுவந்திருக்கிறேன். இதையும் பெயர் போடாமலே பதிவிடப்போகிறேன்.