இரண்டு கூடை முள்ளுக் கத்திரிக்காய்

முள்ளுக் கத்திரிக்காயைப் பழக்கமில்லாதவர்கள் காம்பைப் பிடித்துத் தூக்கிப் பார்ப்பார்கள். பழகியவர்கள் காம்புப் பக்கமே போக மாட்டார்கள். ஆம்பூர்ச் சந்தைக்கு வருகிறவர்களில் யார் புதுசு, யார் பழசு என்று கண்டுபிடிக்க எனக்கு இது ஒன்று போதும். முள் குத்தி விரலை உதறுகிறவரிடம் விலையைக் கொஞ்சம் கூட்டியே சொல்வேன். விரல் வலிக்கும்போது யாரும் அவ்வளவாகப் பேரம் பேசுவதில்லை.

அப்போது எனக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருஷம். பாலாற்றங்கரையில் மாமனார் விட்டுப்போன நிலத்தை அண்ணனும் தம்பியும் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு வரப்பு. கிணறு ஒன்றுதான், மாட்டு ஜோடியும் ஒன்றுதான். வரப்புக்கு அந்தப் பக்கம் என் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணனான மூத்தாரின் மனைவி, கத்திரி போட்டாள். இந்தப் பக்கம் நானும் கத்திரிதான் போட்டேன். வேறு ஏதாவது போட்டிருக்கலாமே என்று கேட்காதீர்கள். அவள் வெண்டை போட்டிருந்தால் நானும் வெண்டைதான் போட்டிருப்பேன்.

சந்தையிலும் அப்படியே. நடைபாதைக்கு அந்தப் பக்கம் அவள் கோணியை விரித்தால் இந்தப் பக்கம், அவளுக்கு நேர் எதிரே, நான் விரிப்பேன். அவள் ஒரு விலை கூவினால் நான் அதற்கும் கம்மியாக ஒன்று கூவுவேன். அவள் என் பிறந்த வீட்டை இழுப்பாள், நான் அவள் சமையலை இழுப்பேன். எங்கள் சண்டையைக் கேட்பதற்கென்றே ஒரு கூட்டம் நிற்கும். நின்றவர்கள் சும்மா போக வெட்கப்பட்டு ஆளுக்கு ஒரு கூறு வாங்கிப் போவார்கள்.

உண்மையைச் சொன்னால், வாரத்தில் அந்த ஒரு நாளுக்காகத்தான் நான் மற்ற நாட்களை ஓட்டினேன். மற்ற நாளெல்லாம் களை, சாணி, சோளக்களி. மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற கவலையை ஓட்டுகிறவர் கிணற்று மேட்டிலிருந்து குரல் கொடுக்கக் கொடுக்க, நான் பாத்திக்குப் பாத்தி மடை மாற்ற வேண்டும். சந்தை நாளில் என்னை யாரும் ஏவ முடியாது. காய் விற்ற காசு பெண்களுடையது, அதில்தான் உப்பு, புளி, மண்ணெண்ணெய் என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஆண்கள் கணக்குக் கேட்க மாட்டார்கள். மீந்த காசில் சூடாக வடை வாங்கி, யாருக்கும் பங்கு வைக்காமல், எல்லார் எதிரிலும் உட்கார்ந்து தின்னலாம். அந்த வடையின் ருசி இப்போதும் எனக்குத் தெரியும்.

இதற்கு உலை வைத்தவர் மூத்தார். சந்தை நாளில் மடை மாற்ற ஆளில்லாமல் ஒரு பாத்தி காய்ந்துபோயிற்று. சாயங்காலம் இரண்டு வீட்டு வாசலுக்கும் கேட்கிறாற்போல் அவர் சொன்னார்.

"ஒரே ஊட்டு காய விக்க ரெண்டு பொம்பளைங்க இன்னாத்துக்கு? வர்ற சந்தைக்கு ரெண்டு பேரும் ஒரே அளவு கூடையில எடுத்துனு போங்க. எவ கூடை காலியா வருதோ, அவளே இனிமே ரெண்டு பங்கு காயும் விக்கட்டும். இன்னொருத்தி கொல்லையப் பாக்கட்டும்."

என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். அண்ணன் எதைச் சொன்னாலும் ஆட்டுகிற தலை அது. ஓரகத்தி என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். வாய்ச் சாமர்த்தியத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. தோற்றால் ஆயுசுக்கும் மடைதான்.

இங்கே எருவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். ஆம்பூரைச் சுற்றித் தோல் ஷாப்புகள், அதாவது தோல் பதனிடுகிற இடங்கள். சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலிலிருந்து சுரண்டி எடுக்கிற மயிரையும் சவ்வையும் வெளியே குவித்து வைத்திருப்பார்கள். மூத்தார் வண்டி கட்டிக்கொண்டு போய் அதை ஏற்றி வருவார். பாதி அவர்கள் பங்குக்கு, பாதி எங்கள் பங்குக்கு. நாற்றம் குடலைப் பிடுங்கும். ஆனால் மண்ணில் புதைத்து ஒரு மழை பெய்துவிட்டால் நாற்றம் போய்விடும், காய் எண்ணெய் தேய்த்துவிட்டது போலப் பளபளவென்று வரும். இது வரப்புக்கு இரண்டு பக்கமும் உள்ள காய்க்குப் பொருந்தும்.

பந்தயச் சந்தை வந்தது. காலையில் இருவருக்கும் வியாபாரம் சமமாகவே போயிற்று. பிறகு ஒரு வக்கீல் குமாஸ்தா என் எதிரே குனிந்து, நல்ல காயாகப் பார்த்துப் பொறுக்க ஆரம்பித்தார். பெரிய குடும்பம், பெரிய பை. அதைப் பொறுக்க முடியவில்லை என் ஓரகத்திக்கு.

"சாமி, பாத்து வாங்குங்க," என்று எதிர்ப்பக்கத்திலிருந்து குரல் கொடுத்தாள். "எங்குளுது சாணி எரு போட்டு வெளஞ்சது. அவுளுது தோல் ஷாப்பு மயிரு போட்டு வெளஞ்சது. மோந்து பாத்தா தெரியும்."

சொன்னதோடு நிற்காமல் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். குமாஸ்தா காயைக் கீழே போட்டுவிட்டுக் கையை வேட்டியில் துடைத்தார். அவர் காலில் தோல் செருப்பு, இடுப்பில் தோல் வார், கக்கத்தில் தோல் பை. கத்திரிக்காயில் மட்டும் ஆகாது. அவர் எதிர்ப்பக்கம் போய்ப் பை நிறைய வாங்கினார். அவரைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் அங்கே போனார்கள்.

ஒரே வண்டி எருதான் என்று கத்த வாயைத் திறந்தேன். கத்தினால் யாரும் இரண்டு பேரிடமும் வாங்க மாட்டார்கள். அதில் எனக்கு என்ன லாபம்? வாயை மூடிக்கொண்டேன். கூடையில் முக்கால்வாசி அப்படியே கிடந்தது. எதிரே அவள் கூடை வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை முட்டியது. நிஜமாகவே முட்டியது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

என் ஓரகத்தி கெட்டிக்காரிதான். ஆனால் அன்றைக்குத் தோல் ஷாப்பில் வாரக் கூலி போடுகிற நாள் என்பதை மறந்துவிட்டாள். மத்தியானம் ஆயிற்றோ இல்லையோ, சுண்ணாம்புக் குழி ஆட்கள் சந்தைக்குள் கூட்டமாக வந்தார்கள். முழங்கால் வரை சுண்ணாம்பு வெளுத்த கால்கள், ஆவாரம்பட்டைச் சாயம் ஏறிய கைகள். யாரோ வாங்க வந்த பெண்ணிடம் ஓரகத்தி மறுபடி மூக்கைப் பொத்திக்கொண்டு அதே பாட்டைப் பாடினாள். குழி ஆட்களில் முன்னால் வந்த பெரிய மீசைக்காரர் நின்றுவிட்டார்.

"ஏம்மா, எங்க ஷாப்பு எருன்னா உனுக்கு நாத்தமா? நாங்க நாளெல்லாம் அதுல நின்னுனுதான் சோறு துன்றோம். அப்ப நாங்களும் நாறறோமா?"

ஓரகத்தியின் கை மூக்கிலேயே நின்றது. எடுத்தாலும் தப்பு, எடுக்காவிட்டாலும் தப்பு.

நான் தலையைக் குனிந்துகொண்டு, முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு சொன்னேன். "உடுங்கண்ணா. அவங்களுக்கு அந்த வாசன ஆவாது. எனுக்கு ஒண்ணும் தெரில. கஷ்டப்படறவங்க பாடுபட்டு எடுக்கற எருவு, அதுல இன்னா நாத்தம்?"

மீசைக்காரர் என் கோணி முன் குந்தினார். அவர் குந்தியதும் மற்றவர்களும் குந்தினார்கள். கத்திரிக்காய் வேண்டியவர், வேண்டாதவர் எல்லாரும் வாங்கினார்கள். ஒருவர் தனக்குக் கத்திரிக்காய் தின்றால் உடம்பெல்லாம் அரிக்கும் என்று சொல்லிக்கொண்டே வாங்கினார். நான் ஆளுக்கு ஒரு காய் கொசுறு போட்டேன்.

எதிர்ப்பக்கம் ஈயாடியது. ஓரகத்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து நின்றாள். "அண்ணா, எங்குளுதும் அதே எருதான். நெசமா சொல்றேன். எங்க ஊட்டுக்காரர்தான் உங்க ஷாப்புலேர்ந்து வண்டியில ஏத்தினு வந்தாரு."

"இப்பதான் சாணின்னு சொன்னே," என்றார் மீசைக்காரர்.

அவள் வாழ்க்கையில் சந்தைக்குள் சொன்ன ஒரே உண்மை அது. ஒருத்தரும் நம்பவில்லை. கடைசியில் என்னைப் பார்த்தாள். "நீயே சொல்லுடி. ஒரே வண்டி எருதானே?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒரு காயைத் துடைத்து அழகாக அடுக்கினேன்.

"எனுக்கு இன்னாக்கா தெரியும்? உங்க கொல்லப்பக்கம் நான் வந்ததே இல்லியே."

அந்த நேரத்தில் கல்யாணச் சமையல் செய்கிற பாய் ஒருவர் கூட்டத்தைப் பார்த்து எட்டிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். மடியிலிருந்து கத்தியை எடுத்து ஒரு காயைப் பிளந்து விதையைப் பார்த்தார். "பிஞ்சு விதை. எண்ணெய்ல போட்டா வெண்ணெயாட்டம் வேவும். நாளைக்கு ஷாப்பு மொதலாளி ஊட்டு கல்யாணம், பிரியாணிக்குத் தொட்டுக்க வேணும். இருக்கறது அத்தினியும் கொட்டும்மா." கூடை காலி. அடியில் கிடந்த வாடிய இலையைக்கூட உதறிவிட்டேன்.

வடை தின்றேன். அவள் எதிரிலேயே தின்றேன். அவள் கூடையில் பாதி அப்படியே இருந்தது. பொழுது சாயத் தொடங்கியபோது அவள் யாரிடமும் பேசாமல் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். நான் கொஞ்சம் பின்னால், கூடையைக் கையில் ஆட்டிக்கொண்டே போனேன்.

ஆட்டிக்கொண்டு போகும்போதுதான் அடுத்த வாரத்தை நினைத்துப் பார்த்தேன். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பேன். எதிரே யார்? பனங்கிழங்கு விற்கிற கிழவர். அவர் காது மந்தம், ஒரு வார்த்தைக்குப் பதில் வார்த்தை வராது. அவரிடம் என்ன சண்டை போட முடியும்? விலையைக் கூவிவிட்டு, வெய்யிலைப் பார்த்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். எனக்குத் திடீரென்று சந்தையே கசந்துவிட்டது. அவளைப் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவள் இல்லாத சந்தை எனக்குப் பிடிக்காது.

வீட்டுக்குப் போகிற வழியில் பாலாறு முழுக்க வெறும் மணல். நடு ஆற்றில் ஓரகத்தி நின்றாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். நான் ஒரு நாணல் புதர் மறைவில் இருந்ததால் அவள் கண்ணில் படவில்லை. கூடையை இறக்கி வைத்து, மண்டி போட்டு, இரண்டு கையாலும் மணலைத் தோண்ட ஆரம்பித்தாள். பிறகு காய்களை எடுத்துக் குழிக்குள் போட்டாள். போடும்போது மூக்கை உறிஞ்சினாள். சந்தையில் அத்தனை பேர் எதிரில் அழாதவள் அங்கே தனியாக அழுதுகொண்டிருந்தாள்.

நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிடிபட்டுவிட்டாள். வீட்டில் நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் ஆயுசுக்கும் மடைதான்.

"இன்னாக்கா, இவ்ளோ மேலாப்ல போடறே," என்றேன். "நாய் தோண்டிடும். இன்னும் ஆழமா தோண்டு."

நானும் மண்டி போட்டேன். இருவருமாகத் தோண்டினோம். ஈர மணல் வந்ததும் காய்களைக் கொட்டி மூடினோம். முள் குத்தி அவள் விரலில் ரத்தம் வந்தது, என் விரலிலும் வந்தது. நல்ல காய்கள். என் காய் அளவுக்கு இல்லை, ஆனாலும் நல்ல காய்கள்.

வீட்டு வாசலில் மூத்தார் காத்திருந்தார். இரண்டு கூடையையும் வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார். தட்டியும் பார்த்தார்.

"ரெண்டும் காலியா?"

"ஆமா," என்றாள் ஓரகத்தி. "ரெண்டு பேருக்கும் நல்ல வியாபாரம்."

அவர் தாடியைச் சொறிந்தார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "அப்ப சந்த அன்னிக்கு மட மாத்தறது யாருடா?"

நாங்கள் இருவரும் என் வீட்டுக்காரரையே பார்த்தோம். அவர் வழக்கம்போலத் தலையை ஆட்டிவிட்டார். எதற்கு ஆட்டினார் என்பது அவருக்கு அடுத்த வாரம் மண்வெட்டியைக் கையில் கொடுத்தபோதுதான் தெரிந்தது.

அந்தச் சந்தை நாள் காலையில் ஓரகத்தி கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் எனக்காக நின்றிருந்தாள். அதற்கு முன் நாங்கள் சேர்ந்து போனதே இல்லை. "சீக்கிரம் வாடி," என்றாள். "தாமசமா போனா எவனாவது நம்ம எடத்துல குந்திக்குவான்."

வழியெல்லாம் பேசிக்கொண்டே போனோம். சந்தை வாசல் வந்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டு, ஆளுக்கொரு பக்கமாகப் போய்க் கோணியை விரித்து, சண்டையை ஆரம்பித்தோம்.