ஐந்து லிட்டருக்கு மேல் குடிக்காத கார்

கார் மெக்கானிக்கிடம் வண்டி தனியாக வருவதில்லை. என்ன கோளாறு என்று ஏற்கெனவே முடிவு பண்ணிவிட்ட ஒரு ஆளும் கூடவே வருவார். பழைய கார் வைத்திருக்கும் புண்ணியவான்களே, நீங்களே அந்த ஆளாக இருந்திருப்பீர்கள், அல்லது அந்த ஆளிடம் மாட்டிக்கொண்டு முழித்திருப்பீர்கள். அதனால் உங்களிடம் மனம் விட்டுச் சொல்லலாம். கொல்கத்தாவில், பெஹாலாவில் எனக்கு ஒரு கேரேஜ். அப்பா ரயில்வே வேலையாக இந்த ஊருக்கு வந்தவர். நான் இங்கேயே பிறந்து, இங்கேயே கையில் கிரீஸ் பூசிக்கொண்டவன். கீழே பேசுகிறவர்களில் பாதிப் பேர் வங்காளத்தில் பேசினார்கள். அதைத் தமிழில் தருகிறேன்; திட்டியதை மட்டும் விட்டுவிட்டேன்.

பாலம் வந்தால் படுத்துக்கொள்ளும்

கோமதி டீச்சர் மதுரைக்காரர். கணவருக்கு மத்திய அரசு உத்தியோகம். ஊர் ஊராக மாற்றலாகிச் சுற்றிவிட்டுக் கொல்கத்தாவுக்கு வந்து ஒன்பது வருஷமாகிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் சாந்த்ராகாச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சருக்குக் கணக்குப் பாடம் எடுக்கும் வேலை நிரந்தரமாகக் கிடைத்தது. நாற்பத்து மூன்று வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டு, பதினேழு வயதான ஒரு வெள்ளி நிறச் சின்ன காரில், ஹூக்ளி ஆற்றின் மேல் இருக்கும் இரண்டாவது பாலத்தைத் தாண்டித் தினமும் தானே போய் வருகிறார்.

பெஹாலாத் தெருக்களில் சமர்த்தாக ஓடும் கார், பாலத்தின் ஏற்றத்தில் மட்டும் விக்கும், இழுக்கும், படுத்துக்கொள்ளும். பத்து நிமிஷம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். அந்த வாரத்தில் இரண்டு தடவை இப்படி. பின்னால் பஸ்காரர்கள் அடித்த ஹாரனில் டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து ஆத்திரத்தில் அழுதாராம். கேரேஜுக்கு வந்தபோது அழுகை போய் ஆத்திரம் மட்டும் மிச்சமிருந்தது.

"இன்னொரு தடவை பாலத்துல நின்னா காரை வித்துருவேன்னு எங்க வீட்டுக்காரரு சொல்லிட்டாருண்ணே. மூணு பஸ் மாறிப் போனா நான் ரெண்டாவது பீரியடுக்குத்தான் போய்ச் சேருவேன். வேலையை விட்டுருன்னு அவரு வாயால சொல்லல, அம்புட்டுதான் பாக்கி!"

தெருவே வைத்தியர்

எங்கள் தெருவில் பானெட்டைத் திறந்தால் போதும், அழைப்பிதழ் அடிக்க வேண்டாம். டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, பெட்ரோலில் தண்ணீர் என்றார். ஓய்வுபெற்ற பேங்க் கேஷியர் பிளக்கைத் தவிர வேறொன்றும் இல்லை என்று சத்தியம் செய்தார். எங்கள் தெரு கிளப் செகரெட்டரி, பாலம்தான் கோணல், கார் மேல் தப்பில்லை என்றார். என் கூட்டாளி பாபி, எலக்ட்ரிக் வேலைக்காரன், இருபது வருஷமாக என்னோடு சண்டை போட்டுக்கொண்டே வேலை செய்கிறவன். அவன் கட்சி எப்போதும் ஒயரிங்தான்.

பக்கத்துக் கடை சாட்டர்ஜி டாக்டர் ஹோமியோபதி பார்ப்பவர். அவர் மட்டும் எதையும் முடிவு பண்ணவில்லை. வெயிலில் அதிகமா, மழையில் அதிகமா? காலையிலா, சாயங்காலமா? ஓய்வு எடுத்தால் தேவலையாகிறதா? ஒவ்வொன்றாக டீச்சரிடம் கேட்டு ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார். கடைசியாக அவர் ஒன்று கேட்டதும் பாபி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டீ சிந்தியது. நானும் சிரித்தேன், ஒளிப்பானேன்.

"வண்டி நிக்கிறது சாப்பிட்ட பிறகா, இல்ல வெறும் வயித்துலயா?"

பின்சீட்டில் ஒரு காது

பிளக்கை மாற்றினேன், பெட்ரோல் ஃபில்டரை மாற்றினேன். பிரஷர் மீட்டரை மாட்டிப் பார்த்தேன். முள் அசையாமல் சரியான இடத்தில் நின்றது. கேரேஜுக்குள் எல்லாக் காரும் உத்தமன்தான். எனக்குச் சந்தேகம் ஃப்யூயல் பம்ப் மேல். இந்தக் காரில் அது பின்சீட்டுக்குக் கீழே டேங்குக்குள் உட்கார்ந்திருக்கும், ஆளைக் கண்ணால் பார்க்க முடியாது. எனவே பாலத்துக்கே போய்க் கையும் களவுமாகப் பிடிப்பது என்று கிளம்பினோம். நான் ஓட்ட, பாபி தன் தொண்ணூறு கிலோவையும் பின்சீட்டில் கிடத்தி, சீட்டில் காதை வைத்துக்கொண்டான்.

ஏற்றம் தொடங்கியதும் "முனகுது, முனகுது" என்று கத்தினான். பாதி ஏற்றத்தில் "நின்னுபோச்சு!" என்றான். அதை அவன் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, காரே நின்றுவிட்டது. வெள்ளைச் சட்டைப் போக்குவரத்து சார்ஜெண்ட் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பின்சீட்டில் கண்ணை மூடிப் படுத்திருக்கும் பாபியைப் பார்த்ததும் பதறி, எந்த ஆஸ்பத்திரி, வழி விடச் சொல்லட்டுமா என்றார். ஆளுக்கு ஒன்றுமில்லை, கீழே இருக்கும் பம்ப்தான் சாகக் கிடக்கிறது, அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று விளக்கினேன். அவர் கொஞ்ச நேரம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரு சாகறதா இருந்தாலும் இறக்கத்துல சாகச் சொல்லுங்க. இது ஏத்தம்."

பெட்ரோலும் பீடியும்

பம்பை மாற்றுவது பெரிய வித்தையில்லை, பொறுமைதான் வேண்டும். பேட்டரி ஒயரைக் கழற்றி, லைனில் இருக்கும் பிரஷரை இறக்கி, பின்சீட்டைத் தூக்கினோம். அடியில் இரண்டு ஹேர்கிளிப், ஒரு புளிப்பு மிட்டாய், திருத்தாத ஒரு பரீட்சைப் பேப்பர். பேப்பரை டீச்சரிடம் கொடுத்தபோது அவர் முகம் சிவந்துவிட்டது. அதற்கும் கீழே மூடி, துருப்பிடித்த வளையம். அதைத் திருகி எடுத்துப் பம்பை வெளியே இழுத்தால், அடிப்பக்கம் கருகிப் போயிருந்தது. டேங்கில் நாலு விரல் உயரத்துக்குக்கூடப் பெட்ரோல் இல்லை. அன்றைக்கே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். சரி, வேலை சுலபமாயிற்று என்று சந்தோஷப்பட்டேன்.

டேங்க் திறந்து கிடக்கிறது, தெருவெல்லாம் பெட்ரோல் வாடை. அந்த நேரம் பார்த்து கிளப் செகரெட்டரி, வாயில் புகைகிற பீடியோடு உள்ளே தலையை நீட்டி, "இதுதான் பம்பா?" என்றார். நான் போட்ட கூச்சலில் பாபி ஸ்பேனரைக் கீழே போட்டான், டாக்டர் கடையிலிருந்து ஒரு நோயாளி வெளியே ஓடி வந்தார். பீடியைப் பிடுங்கி வாளித் தண்ணீரில் போட்டேன். செகரெட்டரிக்கு ஒரே வருத்தம்.

"முப்பது வருஷமா பிடிக்கிறேன். இதனால எனக்கு ஒரு கெடுதலும் வந்ததில்லையே!"

மூன்று மாதம்

புதுப் பம்ப் போட்ட கார் பாலத்தில் பறந்தது. டீச்சர் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தார். நானும் கொல்கத்தாவில் இருக்கும் தமிழர்களிடமெல்லாம், பாலத்து வியாதியை நான்தான் கண்டுபிடித்தேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். சரியாக மூன்று மாதம். ஒரு நாள் டீச்சர் காரைக் கொண்டுவந்து நிறுத்தி இறங்கினார். பின்சீட்டுப் பக்கம் குனிந்தேன். அதே முனகல்.

எனக்கு மானம் போயிற்று. ஒரு நல்ல பம்ப் பல வருஷம் உழைக்கும். மூன்று மாதத்தில் முனகுகிறது என்றால் ஒன்று சாமான் போலி, அல்லது மெக்கானிக் போலி. சாமான் அசல் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். இன்னும் பாலத்தில் நிற்கவில்லை, அதனால் வீட்டில் சொல்லவில்லை, நாளைக்கு நின்றால் தன் கதை முடிந்தது என்றார் டீச்சர். குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் தேவலை.

"அண்ணே, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நீங்க மாட்டினது பம்பா, பல்பா?"

வெறும் வயிறு

பாபி ஒயரிங் என்று ஆரம்பித்தான். வாயை மூடச் சொல்லிவிட்டு நான் டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் முள் சோம்பேறித்தனமாக எழுந்து, சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டு அங்கேயே நின்றது. போன தடவையும் அங்கேதான் நின்றது. டேங்கில் நாலு விரல்கூட இல்லாதது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. இந்த மாதிரிப் பம்பைச் சுற்றியிருக்கும் பெட்ரோல்தான் அதைக் குளிர வைக்கிறது. டேங்க் எப்போதும் காய்ந்து கிடந்தால் பம்ப் சூடேறிக் கருகும். ஏற்றத்தில் இருக்கிற கொஞ்சம் பெட்ரோலும் பின்னால் சரிந்துவிடும், புதுப் பம்ப் எப்படியோ சமாளிக்கும், கருகிய பம்ப் காற்றை உறிஞ்சித் திணறும், வண்டி நிற்கும்.

யார் பெட்ரோல் போடுவது என்று டீச்சரைக் கேட்டேன். அவர் கணவர்தானாம். ஞாயிற்றுக்கிழமை ஐந்து லிட்டர், புதன்கிழமை ஐந்து லிட்டர். டீச்சர் ஓட்ட ஆரம்பிக்கும் வரை கார் எப்போதாவதுதான் வெளியே வருமாம், பழைய பம்ப் அத்தனை வருஷம் தாங்கியது அதனால்தான். தான் பங்க்குக்குப் போனால் வீட்டில் பெரிய சண்டை வருமாம், ஏனென்று கேட்டால் பதில் வராதாம். சாட்டர்ஜி டாக்டர் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே போய் அந்த நோட்டை எடுத்துவந்து, அந்தப் பக்கத்தை எனக்கு முன்னால் விரித்து வைத்தார்.

"முதல் நாளே கேட்டேன். பதில் எழுத இடமும் விட்டு வச்சிருக்கேன், பாருங்க. நீங்க ரெண்டு பேரும் சிரிச்சீங்க."

சார் வந்தார்

டீச்சரின் கணவர் சங்கரலிங்கம் சாருக்குப் போன் போட்டு, டீச்சருக்குத் தெரியாமல் வரச் சொன்னேன். வரும்போதே கொல்கத்தாவைத் திட்டிக்கொண்டுதான் வந்தார். வேர்வை, ஊர்வலம், மெட்ரோவுக்குத் தோண்டிப்போட்ட ரோடு, எதைத் தொட்டாலும் கடுகெண்ணெய் வாடை. ஒன்பது வருஷமாக இதே பாட்டு. மாற்றல் எப்போது வருமோ, டேங்கில் பெட்ரோலை எதற்கு விட்டுவைப்பது என்று கணக்குப் பார்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். பம்பின் கதையை விளக்கி, இனிமேல் டேங்க் பாதிக்குக் கீழே இறங்கவே கூடாது சார் என்றேன்.

அவர் முகம் வெளிறிவிட்டது. பாபிக்குத் தமிழ் புரியாது என்று தெரிந்தும் குரலைத் தாழ்த்தினார். "நாக்பூர்ல முதல் தடவையா டேங்க் ஃபுல் பண்ணேன். மறுநாள் டிரான்ஸ்ஃபர் ஆர்டர். விசாகப்பட்டினத்துல ஊர்லேர்ந்து ஆளுங்க வந்தாங்கன்னு ஃபுல் பண்ணேன். நாலாம் நாள் ஆர்டர். அதோட நிறுத்திட்டேன். ஒன்பது வருஷமாச்சு, ஒருத்தன் என்னைத் தொடலை. அவளுக்கு வேலை அமைஞ்சிருக்கு, பொண்ணு இங்கே ஒன்பதாவது படிக்குது, தமிழைவிட வங்காளம் நல்லாப் பேசுது." ஆபீஸில் ஆயிரம் ஃபைலில் கையெழுத்துப் போடுகிற மனுஷன். சிரிக்க நினைத்தேன், முடியவில்லை. உங்களுக்குத்தான் இந்த ஊரைக் கண்டாலே ஆகாதே சார் என்றேன்.

"ஆகாதுங்க. சுத்தமா ஆகாது. அதுக்காக இங்கேர்ந்து போகணும்னு நான் எப்பங்க சொன்னேன்?"

ஆர்டர்

இரண்டாவது பம்பை மாட்டி, சாரைப் பக்கத்தில் உட்காரவைத்து நானே பங்க்குக்கு ஓட்டிப் போனேன். டேங்க் நிரம்பி வழியும் வரைக்கும் அவர் கண்ணைத் திறக்கவில்லை. முதல் வாரம் தினமும் எனக்குப் போன் செய்து, இன்னும் ஒன்றும் வரவில்லை என்றார். இரண்டாவது வாரம் போன் நின்றது, தைரியம் வந்துவிட்டது போல என்று சந்தோஷப்பட்டேன். பத்தொன்பதாம் நாள் சாயங்காலம் ஆபீஸிலிருந்து நேராக என் கேரேஜுக்கு வந்தார். கையில் ஒரு காகிதம். ராஞ்சி.

ஸ்டூலில் உட்கார்ந்து, உங்களால்தான், உங்களால்தான் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் சொல்கிறேன், அன்றைக்கு நான் ஒரு குடும்பத்தைக் கெடுத்த பாவி மாதிரிதான் நின்றேன். அந்த நேரம் டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, காரை நறுவிசாக உள்ளே நிறுத்தி இறங்கினார். காகிதத்தை வாங்கி நின்றபடியே படித்தார். கணக்கு டீச்சர் அல்லவா, திருப்பி ஒரு முறை முதல் வரியிலிருந்து படித்தார். சார் தரையைப் பார்த்தபடி, காரை இங்கேயே விற்றுவிடலாம், பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் கொடுத்துவிடு, சாமான் கட்ட ஆளுக்குச் சொல்கிறேன் என்று அடுக்கிக்கொண்டே போனார். டீச்சர் காகிதத்தை மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தார். கோபமே இல்லை, கையை அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"இதுல உங்க பேரு மட்டும்தாங்க இருக்கு. என் பேரும் இல்ல, பாப்பா பேரும் இல்ல, கார் நம்பரும் இல்ல. நீங்க போயிட்டு வாங்க."

இப்போது சார் வாரக் கடைசியில் ராஞ்சியிலிருந்து ரயிலில் வந்து கொல்கத்தாவைத் திட்டிவிட்டுப் போகிறார், டீச்சர் முதல் பீரியடுக்கு முன்பே பள்ளிக்கூடத்தில் இருக்கிறார், ஆனால் இந்தக் கதை தமிழ்ச் சங்கம் முழுக்கப் பரவிவிட்டதால், மாற்றலுக்குப் பயந்த அத்தனை மத்திய அரசு ஊழியர்களும் ஐந்து ஐந்து லிட்டராகப் போட்டுக்கொண்டு, மூன்று மாதத்துக்கொரு தரம் என் கேரேஜ் வாசலில் வந்து நிற்கிறார்கள்.