அந்தரத்தில் நிற்காத ஒயர்

அம்பத்தூர் பயிற்சி அறையில் மெய்நிகர் கண்ணாடி மாட்டும் மருத்துவர்கள், கழுத்தின் பெரிய ரத்தநாளத்தில் குழாய் செலுத்தும்போது இனி "ஒயர் என் கையில்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அறையை நடத்தும் மயக்கவியல் மருத்துவர் சுந்தரவல்லி நேற்று மாலை தொலைபேசியில் இதை உறுதி செய்தார். இந்த விதிக்குக் காரணமான காலையில் நான் அங்கே இருந்தேன்.

கடந்த சனிக்கிழமை அது. ஆவடியில் ஒரு சிறிய மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் டாக்டர் மெர்லின் இந்தப் பக்கத்தின் வாசகர். அங்கே குழாய் செலுத்தும் தேர்வுக்குப் போகிறேன், பார்க்க வாருங்கள் என்று எழுதியிருந்தார். ஆவடியில் காலை 8.50 மின்ரயில், ஐந்து ரூபாய் டிக்கெட், மூன்றாவது நிலையம் அம்பத்தூர்.

ரயிலில் அவர் சொன்னது இது. தேறினால்தான் அவர் தனியாக அந்தக் குழாயைப் போடலாம். அதுவரை பூந்தமல்லியிலிருந்து மூத்த மருத்துவர் வர வேண்டும். நாற்பது நிமிடம். ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கும் நோயாளியின் அருகில் அந்த நாற்பது நிமிடத்தை அவர் பலமுறை நின்று கழித்திருக்கிறார்.

நிலையத்திலிருந்து தொழிற்பேட்டைக்கு மூன்று கிலோமீட்டர், ஆட்டோ எண்பது ரூபாய். இடத்தைச் சொன்னதும் ஓட்டுநர், "கண்ல டப்பா மாட்டிகினு காத்துல ஊசி குத்துறாங்களே, அங்கயா? உயிரோட கீற ஆளுக்கு எப்போ சார் குத்துவாங்க?" என்றார். மெர்லின் சிரித்தார்.

மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. கண்ணாடிக்குள் மெர்லின் காண்பதை நானும் சுந்தரவல்லியும் திரையில் பார்த்தோம். ஊசி, ஊசி வழியே குழாய்க்கு வழிகாட்டும் மெல்லிய ஒயர், ஒயரின் மேல் குழாய். நான்கு முறையும் பிழையில்லை. குழாயை எடுக்க அவர் ஒயரை விட்டபோதெல்லாம், அது விட்ட இடத்திலேயே அந்தரத்தில் நின்றது.

அடுத்து ரப்பர் பொம்மையில் தேர்வு. அதே வேகம், அதே கை. குழாயை உள்ளே தள்ளி நிமிர்ந்தார்.

"மெர்லின், ஒயர் எங்கம்மா?" என்றார் சுந்தரவல்லி.

இரண்டு கைகளையும் பார்த்தார். பிடிக்காமல் விட்ட ஒயர் குழாயோடு முழுதாக உள்ளே போயிருந்தது. நோயாளியாக இருந்தால் அது இதயம்வரை போகும்.

"பிடிக்கணும்னு தெரியாதா?"

"தெரியும் மேடம். கை தானா விட்டுடுச்சு. கண்ணாடிக்குள்ள நாலு தடவையும் அது அப்படியே நின்னுச்சு."

சுந்தரவல்லி திட்டவில்லை. கண்ணாடியை மாட்டி, தானே ஒயரை விட்டுப் பார்த்தார். நின்றது. எத்தனை பேருக்கு இதைப் பழக்கிவிட்டேனோ என்று முணுமுணுத்துவிட்டு நோட்டை எடுத்தார்.

போக நினைக்கும் மருத்துவர்களுக்கு: சனிக்கிழமை பத்து முதல் ஒரு மணி வரைதான். முன்பதிவு அவசியம். கண்ணாடி தலைசுற்ற வைக்கும், காலையில் லேசாகச் சாப்பிடுங்கள். அதில் பழகிய அன்றே பொம்மையிலும் ஒருமுறை செய்துவிடுங்கள். ஊசி குத்த வேண்டிய இடத்தைக் கண்டுபிடிக்கக் கண்ணாடிப் பயிற்சி நல்ல துணை. ஒயரின் எடையைக் கற்றுத் தருவது பொம்மைதான்.

விட்டால் ஒயர் நழுவும்படி மென்பொருளைத் திருத்தித் தருவதாகத் தயாரிப்பாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். இந்த மாத இறுதியில் வரலாம். மெர்லினுக்கு மறுதேர்வு வரும் சனிக்கிழமை பத்து மணிக்கு. அதுவரை பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்கு நாற்பது நிமிடம்.