போர்ட் பீப்பாயும் என் மூக்கும்

விஸ்கியை முகர்ந்து பார்த்துச் சம்பளம் வாங்கும் வேலை ஒன்று உண்டு என்பதை, எனக்குப் பெண் கொடுத்த மாமனாரே இன்னும் நம்பவில்லை. குற்றாலத்தில் ஒரு ஓட்டல் பாரில் நான் கேப்டன், அதாவது பரிமாறுகிறவர்களுக்குத் தலைவன். புதிதாக வரும் பாட்டில் அந்த விலைக்குத் தகுமா என்று முதலாளிக்குச் சொல்வதும் என் பொறுப்பு. டீத்தூள் தரம் பார்ப்பவர்களே, ஊதுவத்திக்கு வாசனை கலப்பவர்களே, அடுப்படியில் நின்று பதம் பார்ப்பவர்களே, மூக்கை நம்பி வயிறு வளர்ப்பது எவ்வளவு ஆபத்தான பிழைப்பு என்று உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?

கடலை மாவு வைத்தியம்

பாவூர்சத்திரத்தில் வெங்காய மண்டி வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், சாரல் தொடங்கியதும் எங்களிடம் அறை எடுப்பார். போன வருடம் ஒரு மாலையில் உயர்ந்த விஸ்கி ஒன்று கேட்டார். ஊற்றிக் கொடுத்தேன். முகர்ந்தவர் முகத்தைச் சுளித்து, "எண்ணெய் நாறுது, இது டூப்ளிகேட்டு" என்றார். நாலு மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் மானம் கப்பலேறியது.

கிளாஸை வாங்கி முகர்ந்தேன். விஸ்கியில் ஒரு குறையும் இல்லை. பிறகுதான் அவர் கையைப் பார்த்தேன். அருவிக்கரையில் எண்ணெய் மசாஜ் செய்துகொண்டு, அவசரமாக ஒரு குளியல் போட்டுவிட்டு நேரே வந்திருக்கிறார். முழங்கை வரை நல்லெண்ணெய் மினுங்கியது. சமையலறையில் கொஞ்சம் கடலை மாவு வாங்கி, தேய்த்துக் கழுவிவிட்டு வரச் சொன்னேன். வந்து மறுபடி முகர்ந்தவர் கிளாஸையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்தார். அன்று முதல் எங்கள் பாரில் கைகழுவும் இடத்தில் ஒரு கிண்ணம் கடலை மாவு இருக்கும். அன்று அவர் கேட்டது இதுதான்: "அப்போ இத்தன வருசமா நான் ரசிச்சுக் குடிச்சதெல்லாம் நல்லெண்ணெய் வாசமா வே?"

கட்டன் சாயாவுக்குப் பாராட்டு

அப்படிப்பட்ட மூக்கு இந்த வருடம் மாசியில் வந்த ஒரு காய்ச்சலோடு போய்விட்டது. காய்ச்சல் இறங்கியது, வாசம் திரும்பவில்லை. மல்லிகைப்பூவும் பினாயிலும் எனக்கு ஒன்றுதான். வீட்டில் சொன்னேன், வேலையிடத்தில் சொல்லவில்லை. மூக்கில்லாத கேப்டனை எந்த முதலாளி வைத்திருப்பார்?

அந்த நேரம் பார்த்து ஒரு கம்பெனிக்காரர் சாம்பிள் பாட்டில் கொடுத்துவிட்டுப் போனார். போர்ட் பீப்பாயில் முடித்த சிங்கிள் மால்ட், அதாவது ஒரே ஆலையில் முளைகட்டிய பார்லியில் மட்டும் வடித்த விஸ்கி. போர்ட் என்பது போர்த்துகல்காரர்களின் இனிப்பான திராட்சை மது. அது இருந்து காலியான பீப்பாயில், முதிர்ந்த விஸ்கியைக் கடைசியாகச் சில மாதங்கள் ஊற வைப்பார்கள். காலி செய்துபோன குடித்தனக்காரரின் தாளிப்பு வாசம் சுவரில் தங்கிவிடுவது போல, போர்ட்டின் வாசமும் செக்கச்சிவந்த நிறமும் விஸ்கியில் ஏறிவிடும். அதே கம்பெனியின் சாதாரண மால்ட்டைவிட இதற்கு இரண்டு மடங்கு விலை. தகுமா என்று நான் சொல்ல வேண்டும்.

எங்கள் முதலாளி தினமும் விபூதி பூசுபவர், வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. அதனால் அவர் முன்னால் நான் வாயில் வைக்கமாட்டேன். முகர்ந்து மட்டும் சொல்வேன், பிறகு தனியே ருசி பார்ப்பேன். அதுதான் எங்களுக்குள் வழக்கம். அன்று வெளிச்சம் நன்றாக விழும் சமையலறை ஜன்னல் திட்டில் சாம்பிளை ஊற்றி வைத்திருந்தேன். முதலாளி வந்தார். கிளாஸை எடுத்தேன், கண்ணை மூடினேன், பழைய ஞாபகத்தில் அவிழ்த்துவிட்டேன். உலர்ந்த திராட்சை, ஆல்பகோடாப் பழம், கொஞ்சம் சாக்லேட். பன்னிரண்டு பாட்டில் எடுக்கலாம் என்றேன். அவர் ஒரு முறை கிளாஸைப் பார்த்தார், ஒரு முறை என்னைப் பார்த்தார். "சரி வே, பாப்போம்" என்று போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும், அவரைப் போலவே குடிக்காதவரான எங்கள் பிரியாணி மாஸ்டர் சாகுல் பாய் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். டம்ளரெல்லாம் கழுவப் போயிருந்ததால் என் கிளாஸ் ஒன்றைக் கேட்டு வாங்கியிருந்தார். அதை அதே திட்டில் ஆற வைத்துவிட்டு வேலையாக உள்ளே போயிருக்கிறார். மெதுவான குரலில் சொன்னார்: "கேப்டன், உங்க விஸ்கி அந்தா இருக்கு. நீங்க இவ்வளவு நேரம் புகழ்ந்தது நான் பாலில்லாம கிராம்பு தட்டிப் போட்ட கட்டன் சாயா."

பதினோரு மணிப் பாடம்

காட்டிக் கொடுத்திருக்கலாம், அல்லது சிரித்து ஊரைக் கூட்டியிருக்கலாம். சாகுல் பாய் இரண்டையும் செய்யவில்லை. மறுநாள் பதினோரு மணிக்கு, அடுப்பில் தம் போட்டுவிட்டு, நாலு கிண்ணங்களோடு என்னை உட்கார வைத்தார். கிராம்பு, ஏலம், காப்பித்தூள், எலுமிச்சைத் தோல். கண்ணைக் கட்டிக்கொண்டு முகர வேண்டும். நான் தடவிப் பார்த்துக் கண்டுபிடிப்பது தெரிந்ததும் எல்லாவற்றையும் பொடித்துவிட்டார்.

பங்குனி போனது, சித்திரை போனது. தினமும் பெயில். ஒருநாள் எனக்கு அழுகை வந்துவிட்டது, விடுங்கள் பாய் என்று எழுந்துவிட்டேன். அவர் கிண்ணத்தைக் கீழே வைக்காமலே சொன்னார்: "துபாய்ல எனக்கும் மூக்கு போச்சு கேப்டன். கூட நின்ன மலையாளிப் பையன் மூணு மாசம் என் சட்டியெல்லாம் மோந்து பாத்துச் சொன்னான், ஒருத்தனுக்கும் தெரியவிடல. அவன் இப்ப எங்கன இருக்கான்னு தெரியாது, அதான் உங்களுக்குச் செய்யுதேன். உக்காருங்க."

மண்டிக்காரர் வந்தார்

சாரல் விழுந்தது. முதல் ஆளாக வெங்காய மண்டி அண்ணாச்சி வந்து சேர்ந்தார். நான் குனிந்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஏதோ கனமாக, சூடாக, மூக்குக்குள் நுழைந்தது. நல்லெண்ணெய். நிமிர்ந்து அவர் கையைப் பிடித்து முகர்ந்தேன். விட்டுவிட்டு மறுபடி முகர்ந்தேன். என் நன்றிக்குரிய அந்த முழங்கையை நான் இந்த ஜென்மத்தில் மறக்கமாட்டேன்.

அவரைக் கடலை மாவிடம் அனுப்பிவிட்டு, சாம்பிள் பாட்டிலை எடுத்தேன். திராட்சை இருந்தது, ஆல்பகோடாவும் இருந்தது. ஆனால் எண்ணிப் பத்து விநாடிதான். வாயில் வைத்தால் இனிப்பு முன்னால் ஓடி, காரம் பின்னால் தனியாக நின்றது. பீப்பாய் மேலே பூசியிருக்கிறதே தவிர உள்ளே இறங்கவில்லை. நல்ல சரக்கு, ஆனால் இரண்டு மடங்குக்கு இல்லை. கைகழுவி வந்த அண்ணாச்சிக்கும் கொஞ்சம் கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், குடித்தார், யோசித்தார். "தோலு நல்லா செவந்திருக்கு. வெங்காயம்னா ஒண்ண உரிச்சுப் பாத்துட்டுத்தான் வெல சொல்லுவேன்" என்றார்.

முதலாளி அறையில்

நானோ உரிக்காமலே விலை சொன்னவன். பன்னிரண்டு பாட்டில் என்று சொல்லி மூன்று மாதமாகிறது, சரக்கு இன்னும் வராவிட்டாலும் ஆர்டர் போயிருக்கும். நேரே முதலாளி அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல், மூக்கு, பொய். நம் பாருக்கு இரண்டு பாட்டில் போதும் என்பதையும் சொன்னேன். இனி நான் ரூம் சர்வீஸுக்குப் போக வேண்டுமென்றாலும் சம்மதம் என்றேன்.

அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். ஆர்டர் போடவில்லை என்றார். எனக்குப் புரியவில்லை, ஏன் என்று கேட்டேன். "விஸ்கி வாசம் எனக்குத் தெரியாது வே. கிராம்பு போட்ட கட்டன் வாசமுமா தெரியாது? உம்ம மூக்கு வரட்டும்னுதான் காத்துக்கிட்டு இருந்தேன். ரெண்டு பாட்டில்னா ரெண்டு பாட்டில், போயி வேலயப் பாரும்" என்றார்.

பதினெட்டு வருடமாக விஸ்கி முகரும் என் பிழைப்பைக் காப்பாற்றிக் கொடுத்த மூன்று பேரில் இருவர் விஸ்கியைத் தொட்டதே இல்லை, மூன்றாமவர் இன்னமும் கை கழுவாமல்தான் வருகிறார்.